இருபத்தெட்டுப் புள்ளி ஆறு

தேர்வு வாரியத்தின் மறுமதிப்பீட்டுப் பிரிவில் கடிகாரம் ஒன்றுதான் சரியாக ஓடியது. மற்ற எல்லாமே தங்கள் விருப்பப்படி ஓடின. அதனால் அங்கே வந்து உட்காருகிறவர்கள் கடிகாரத்தையே பார்த்துப் பார்த்துப் பாதி உயிரை விட்டுவிடுவார்கள். அன்று காலை பதினொன்றேகாலுக்கு பிரேம் கடை அம்மாவும் அவள் மகளும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

அம்மாவின் கடை வாரியத்துக்கு நேர் எதிரே இருந்தது. மரச்சட்டம் வெட்டி, கண்ணாடி போட்டு, நாலு மூலையும் மூடி, படத்தை மாட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. வாரியத்தின் நீண்ட நடையில் வரிசையாக முறைத்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு முன்னாள் தலைவர்களும் அவள் கையால் பிரேமுக்குள் போனவர்கள்தான். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஏணியோடு வருவது வேறு, மனுவோடு வருவது வேறு என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஏணியோடு வந்தால் காவலாளி சிரித்தபடி கதவைத் திறப்பார். மனுவோடு வந்ததும் அதே காவலாளி, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

விஷயம் இரண்டே இரண்டு மதிப்பெண். மகளுக்கு இயற்பியல் படிக்க ஆசை. இரண்டு தெரு தள்ளியிருந்த கல்லூரியில் ஓர் இடம் மிச்சம் இருந்தது, அதற்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. சேர்க்கைப் பட்டியலை அன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். திருத்திய மதிப்பெண் பட்டியலோடு அதற்குள் வந்தால் இடம் அவளுக்கு, ஒரு நிமிடம் தாமதமானாலும் அடுத்தவருக்கு என்று கல்லூரி எழுத்தர் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார்.

அந்த இரண்டும் ஒரே கேள்வியில் போயிருந்தன. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு பிளவு. அதன் அகலம் ஆயிரத்து இருநூறு நானோமீட்டர். அதன் வழியே அறுநூறு நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி போகிறது. எதிரே திரையில் நடுவில் வெளிச்சமும் அதன் இரு பக்கமும் இருட்டுப் பட்டைகளும் விழும். முதல் இருட்டு, நடுவிலிருந்து எத்தனை டிகிரி விலகி விழும்? அலைநீளத்தை அகலத்தால் வகுத்தால் அரை. அதுதான் அந்தக் கோணத்தின் சைன். சைன் அரையாக இருக்கும் கோணம் முப்பது டிகிரி. மகள் முப்பது என்று எழுதினாள். வாரியத்தின் விடைக்குறிப்பு 28.6 என்றது.

"எப்படி ஒண்ணரை டிகிரி காணாமப் போச்சு?" என்று அம்மா முந்தின நாளே கேட்டிருந்தாள்.

"கோணம் ரொம்பச் சின்னதா இருந்தா, சைனும் கோணமும் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா. அப்ப சைனையே ரேடியன் அளவுல கோணம்னு வெச்சு, டிகிரிக்கு மாத்திட்டுப் போயிடலாம். அது ஒரு குறுக்குவழி. இவங்க அதை முப்பது டிகிரிக்குப் போட்டிருக்காங்க. சைக்கிள் போற சந்துல லாரியை விட்டிருக்காங்க."

அம்மாவுக்கு ஒளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கோணத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூலையில் ஒன்றரை டிகிரி பிசகினால் விரல் நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காட்டினால் குழந்தைக்கும் தெரியும். அதனால் இது அரைமணி நேர வேலை என்று நம்பி, கடையைப் பூட்டாமல், பையிலிருந்த கோணமானியைக்கூட எடுத்து வைக்காமல் கிளம்பி வந்திருந்தாள்.

முதல் ஜன்னலில் இருந்த எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கினார்.

"வித்தியாசம் எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி நாலு டிகிரி சார்" என்றாள் மகள்.

"டிகிரியெல்லாம் எழுத இதுல கட்டம் இல்லை. சின்ன வித்தியாசமா, பெரிய வித்தியாசமா?"

"சின்னதுதான். ஆனா..."

"சின்ன வித்தியாசத்துக்கு மறுமதிப்பீடு கிடையாது. பெரிய வித்தியாசம்னா நீங்க எழுதினது தப்புன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. அதுக்கும் கிடையாது."

"அப்ப எந்த வித்தியாசத்துக்குத்தான் சார் உண்டு?" என்றாள் அம்மா.

எழுத்தர் முதல்முறையாக நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. நாற்பத்தொன்றாம் எண் டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மணியடித்தது. கூடமே எழுந்து நின்றது. இரண்டு ஆட்கள் ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், முன்னால் ஒருவர் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கையை வீசிக்கொண்டே நடந்தார். விடைக்குறிப்பு, பாதுகாப்பு அறையிலிருந்து அதிகாரியின் அறைக்குப் போகிறதாம். அதிகாரி சாப்பிடப் போனால் அதுவும் திரும்பிப் போகும். அவர் சாப்பிட்டு வந்தால் அதுவும் வரும். மாலை ஐந்துக்குப் பாதுகாப்பு அறைக்குத் திரும்பும். ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்க வேண்டும், உட்கார்ந்திருப்பவரின் டோக்கன் ரத்து. காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு தகப்பனார் ஊன்றுகோலைத் தேடி எழுந்திருப்பதற்குள் பெட்டி கடந்து போய்விட்டது. அவருடைய முப்பத்தெட்டாம் எண்ணை வாங்கிக் கிழித்துப் போட்டார்கள். ஓர் இடம் முன்னால் வந்துவிட்டோம் என்று அம்மாவுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம் தன்னை நினைத்தே அவமானமாக இருந்தது.

நாற்பத்தொன்றைக் கூப்பிடும்போது மணி ஒன்று ஐம்பது.

உள்ளே இருந்தவரைக் கட்டடம் முழுவதும் 'விடைக்குறிப்பு சார்' என்றே அழைத்தது. மேசைமேல் ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, மறுபக்கம் அவர். இரண்டில் பெட்டிதான் கொஞ்சம் நெகிழ்வாகத் தெரிந்தது.

"இங்க பாருங்கம்மா. விடைக்குறிப்பு தப்பா இருக்க முடியாது. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"எது சரி, எது தப்புன்னு நாங்க எதை வெச்சுப் பாக்கறோம்? விடைக்குறிப்பை வெச்சு. அப்ப விடைக்குறிப்பை எதை வெச்சுப் பாக்கறது? விடைக்குறிப்பை வெச்சுத்தான். உங்க மனு வந்ததும் நாலு தடவை பாத்துட்டோம். நாலு தடவையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்துச்சு."

"சார், கால்குலேட்டர்ல முப்பதுக்கு சைன் போட்டுப் பாருங்க. சரியா அரை வரும்" என்றாள் மகள்.

"அது வாரியத்தோட கால்குலேட்டரா?"

"இல்லை, என்னோடது."

"அதான்" என்றார் அவர், எல்லாம் விளங்கிவிட்டது போல. "நான் இருபத்து மூணு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. எந்தப் பாடமும் எனக்குத் தெரியாது. அதனாலதான் என்னை இங்க போட்டிருக்காங்க. பாடம் தெரிஞ்சவங்க பாரபட்சமா நடந்துக்குவாங்க. இதுக்கு முன்னாடி இருந்தவருக்குக் கொஞ்சம் கணக்கு வரும். ஒரு வருஷம் தாங்கலை."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி.

"சார், இதுல இவ்வளவு பேச்சு எதுக்கு? அந்த ஒளியை விட்டே பாத்துடலாமே. எங்க விழுதுன்னு அதுவே காட்டிடும்ல?"

இப்படி ஒரு வழி இருப்பதை மகள்கூட நினைத்திருக்கவில்லை. அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பத்தொன்பதாம் விதியில் 'தேவைப்படின் செய்முறை' என்று ஒரு வரி இருந்தது. அதை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தாத விதியைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஓர் அதிகாரிக்கு எத்தனை தடவை வரும்? அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

ஆய்வகம் தரைக்குக் கீழே இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த பெண், யாரோ வருவார்கள் என்று ஒன்பது வருடமாகக் கருவிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள், கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். விளக்கு, பிளவு வெட்டிய தகடு, எதிரே அரைவட்டமாக வளைந்த வெள்ளைத் திரை, எல்லாம் தயாராக இருந்தன. கோணமானி மட்டும் இல்லை. அது சாமான் அறையில் இருந்தது, அந்த அறைச் சாவி விடுப்பில் இருந்தது.

அம்மா பைக்குள் கையை விட்டுத் தன்னுடையதை எடுத்தாள்.

"இது அங்கீகாரம் பெற்றதா?" என்றார் அதிகாரி.

"மேல நடையில பன்னிரண்டு தலைவருங்க தொங்கறாங்களே, அத்தனை பேருக்கும் இதை வெச்சுத்தான் சார் வெட்டினேன்."

அவருக்கு 'வெட்டினேன்' என்ற சொல் பிடிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு தலைவர்களை ஆட்சேபிக்கும் துணிச்சலும் இல்லை.

விளக்கு எரிந்தது. திரையில் நடுவே அகலமாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், இரு பக்கமும் அது மங்கி மங்கி இருட்டாகும் இடம். ஆய்வகப் பெண் இடப்பக்க இருட்டிலிருந்து வலப்பக்க இருட்டு வரை அளந்தாள். அறுபது டிகிரி. பாதி, முப்பது. மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை" என்றார் அதிகாரி.

அறுபது.

"விளக்கை அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போடுங்க."

அணைத்துவிட்டுப் போட்டார்கள். அறுபது.

அவர் ஆளை அனுப்பி மேலிருந்து இரும்புப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டி படியிறங்கி வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டார்கள். விடைக்குறிப்பைத் திறந்து, விளக்குக்கு எதிரே, 28.6 நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டார். மறுபடி அளந்தார்கள். அறுபதுதான்.

"வேலை செய்யற இடத்துல ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?" என்று யாரிடமோ சலித்துக்கொண்டு, அவர் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்: 'போதிய வாய்ப்புகள் அளிக்கப்பட்டும் ஒளி ஒத்துழைக்கவில்லை. மேலும் ஒளி இவ்வாரியத்தில் பதிவு செய்துகொண்ட தேர்வர் அல்லாததால் அதன் விடையைப் பரிசீலிக்க இயலாது.'

ஆய்வகப் பெண் அதை எழுதினாள். அதற்குக் கீழே தன் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி, அனுப்பினாள்.

மேலே அறைக்கு வந்தபோது மணி மூன்று ஐந்து. அதிகாரி திடீரென்று இளகிவிட்டார். எதிரில் இருப்பவர் நிச்சயமாகத் தோற்றுவிட்டார் என்று தெரிந்தால் சிலருக்கு மனம் இளகும்.

"நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான்மா. கருணை விதின்னு ஒண்ணு இருக்கு. தன் தப்பை மனசார ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா, இழந்த மார்க்கைக் கருணை அடிப்படையில குடுக்கலாம்."

ஒரு படிவத்தை நீட்டினார். 'நான் எழுதிய விடை தவறு. விடைக்குறிப்பே சரி. இதைப் பிறர் தூண்டுதலின்றி ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. விடையை மட்டும் நிரப்பினால் போதும்.

"நான் எழுத மாட்டேன்" என்றாள் மகள்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

"எழுதிக் குடுத்துடு கண்ணு. வெறும் காகிதம்தானே. காலேஜுக்குள்ள போயி முப்பதுன்னு எத்தனை தடவை வேணும்னாலும் எழுதிக்கோ."

"நீ ஒரு மூலையை ஒண்ணரை டிகிரி தள்ளி வெட்டுவியாம்மா?"

"வயித்துப்பாட்டுக்குன்னா வெட்டுவேன்."

அது பொய். அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். மகள் அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, முப்பது தவறு, 28.6 சரி என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். அழுத்தின அழுத்தில் காகிதத்தில் ஓட்டை விழுந்தது.

அதிகாரி முத்திரையை மையில் ஒற்றினார். கையை உயர்த்தினார். அந்தச் சமயம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

அவர் முத்திரையும் கையுமாக எழுந்து நின்றார். "ஐயா... ஆமாங்கய்யா... அறுபதுங்கய்யா... பாதி முப்பதுங்கய்யா... நானும் அதேதான் நெனச்சேங்கய்யா... அப்படியே செஞ்சிடறேங்கய்யா." தொலைபேசியை வைத்தார். முத்திரை மட்டும் அந்தரத்திலேயே நின்றது.

"தலைவர் ஆய்வக அறிக்கையைப் படிச்சிட்டார்" என்றார், கனவில் பேசுவதுபோல. "இத்தனை வருஷமா யாரும் கண்டுபிடிக்காத ஒண்ணு புள்ளி நாலு டிகிரியை வாரியம் கண்டுபிடிச்சிருக்குன்னு ரொம்ப சந்தோஷப்படறார். இந்த நிமிஷத்துலேர்ந்து விடைக்குறிப்பு முப்பது. முப்பதுன்னு எழுதின எல்லாருக்கும் முழு மார்க்."

"சார், அப்ப என் பொண்ணுக்கு..."

அதிகாரி மேசைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது.

"உங்க பொண்ணு முப்பது தப்புன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்கும்மா. இப்போதைய நிலவரப்படி அவங்க விடை இருபத்தெட்டுப் புள்ளி ஆறு. அது தப்பு."

"அந்தக் கருணை?"

"அது சரியான விடையை ஏத்துக்கறவங்களுக்கு. இவங்க தப்பான விடையை இல்ல ஏத்துக்கிட்டிருக்காங்க?"

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க!"

"நான் சொன்னேன். நீங்க ஏன் கேட்டீங்க?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். காலையிலிருந்து இந்தக் கட்டடத்தில் இருந்தவர்களிலேயே சரியாகப் பேசியவள் தன் மகள் ஒருத்திதான். அவள் கையில் பேனாவைத் திணித்தது இவர்கள் யாரும் இல்லை, பெற்ற தாய். மணி மூன்று இருபத்தைந்து.

அப்போது அதிகாரிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

"நீங்க எதிர்க்கடை பிரேம்தானே? நல்லதாப் போச்சு. இந்தப் புது ஆணையை நாலரைக்கு நடையில தலைவர் திறந்து வைக்கறார். நாலேகாலுக்குள்ள பிரேம் போட்டுக் கொண்டாந்துடுங்க."

ஆணையை நீட்டினார். அதை வாங்கிச் சுக்குநூறாகக் கிழிக்கத்தான் அம்மாவின் கை போனது. பாதி வழியில் அந்தக் கை என்ன நினைத்துக்கொண்டதோ, பத்திரமாக வாங்கிப் பையில் வைத்தது. கூடவே மேசையிலிருந்த கட்டிலிருந்து கருணைப் படிவம் ஒன்றையும் உருவிக்கொண்டது.

கடைக்கு வந்ததும் முதலில் எப்போதும்போல நாலு சட்டம் வெட்டி, ஒட்டி, ஆணியடித்து ஒரு பிரேமை முடித்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்.

"மூலைக்கு நாம வெட்டறது நாப்பத்தஞ்சு டிகிரி. இவங்க குறுக்குவழியில போட்டா அது எவ்வளவு ஆகும்?"

மகள் கால்குலேட்டரை எடுத்தாள். "சைன், புள்ளி ஏழு சுழி ஏழு. அதையே கோணம்னு வெச்சா... நாப்பதரை." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "எதுக்கும்மா?"

ரம்பத்தின் கோணத் திருகு பதினைந்து வருடமாக நாற்பத்தைந்திலேயே நின்று இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் அசைக்க முடிந்தது. அம்மா அதை நாற்பதரைக்கு நகர்த்தினாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. மரத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

நாலு இருபதுக்கு நடையில் ஆணை மாட்டியாயிற்று. ஏணியிலிருந்து அம்மா இறங்கியதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்து அலறினார். நாலு மூலையும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பின்னால் கட்டிய கயிறுதான் பிரேமைப் பிரேமாக வைத்திருந்தது. உள்ளே கண்ணாடி, தும்மினால் விழுகிற நிலையில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது அநியாயம்!"

"மத்தியானம் வரைக்கும் பெட்டிக்குள்ள இருந்த கணக்குப்படி வெட்டினது சார். எட்டு வெட்டு, வெட்டுக்கு நாலரை டிகிரி. மொத்தம் முப்பத்தாறு டிகிரி திறந்துக்கிச்சு."

"அந்தக் கணக்கைத்தான் மாத்தியாச்சே!"

"எங்களுக்கு மாறலையே சார்."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காவலாளி ஓடும் சத்தமும் கேட்டது. அதிகாரியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. "தலைவர் வந்துட்டார். சரி பண்ணும்மா, சீக்கிரம்!"

"சரியானது பையில இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை." அம்மா படிவத்தை நீட்டினாள். "நீங்க கொடுத்த இருபத்தெட்டுப் புள்ளி ஆறு தப்பு, அதை நம்பி இந்தப் பொண்ணு எழுதின கடிதம் செல்லாதுன்னு நிரப்பிடுங்க. மார்க்ஷீட்டுல முத்திரையும் வேணும்."

"நான் தப்புப் பண்ணினதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேம்மா!"

"ஒத்துக்கிட்டாத்தான் சார் கருணை. நீங்கதானே சொன்னீங்க."

காலடிகள் படியேற ஆரம்பித்தன. கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்தது. அதிகாரி படிவத்தைப் பிடுங்கி, சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் அழுத்திய அழுத்திலும் காகிதம் ஓட்டையாயிற்று. பிறகு முத்திரைக்குத் தானே ஓடினார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. திருத்திய பட்டியல் மகளின் கைக்கு வரும்போது நாலு முப்பத்தாறு. அவள் பின்படி வழியாக இறங்கி ஓடினாள். ஆணைக்கு முன்னால் தொங்கவிட்ட திரையின் மறைவில் அம்மா ஏணியில் ஏறினாள்.

தலைவர் திரையை விலக்கியபோது நாலு மூலையும் கச்சிதமாக மூடியிருந்தன. அவர் பேசத் தொடங்கினார்.

"ஒளி தோன்றிய நாளிலிருந்து தன் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டிருந்தது. எத்தனை டிகிரி வளையலாம் என்று அதற்குச் சொல்ல ஒரு வாரியம் இல்லாமல் இருந்தது. இன்று சொல்லியிருக்கிறோம். நேற்று வரை 28.6 என்றோம், அதுவும் சரி. இன்று முப்பது என்கிறோம், இதுவும் சரி. நாம் எதைச் சொன்னாலும் சரியாக இருக்கும்படி இந்த வாரியத்தை நடத்திவருகிறோம்..."

கை தட்டினார்கள். அம்மாவுக்குக் கூட்டத்தின் நடுவே ஏணியோடு மாட்டிக்கொண்டதில் நகர முடியவில்லை. கைபேசியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நாலு ஐம்பத்திரண்டு. இரண்டு தெருதான். அந்தத் திருப்பத்தில் எப்போதும் நெரிசல் இருக்குமே. நாலு ஐம்பத்தெட்டு. ஐந்து மணிக்கு மணியடித்தது. இரும்புப் பெட்டி பாதுகாப்பு அறைக்குத் திரும்பிப் போனது, எல்லோரும் விறைத்து நின்றார்கள். கைபேசி சும்மாவே கிடந்தது. ஐந்து ஆறுக்கு அது அதிர்ந்தது.

"அம்மா, கெடச்சிருச்சு. இங்கயும் பெரிய வரிசை. என் முறை வரும்போது ஜன்னலை மூடக் கையை வெச்சிட்டாங்க. உள்ள கையை விட்டுட்டேன்."

அம்மா ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அழுகை பீறிட்டு வந்தது, அடக்கவில்லை. தலைவரின் பேச்சில் உருகி அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.

"ஆனா ஒண்ணும்மா" என்றாள் மகள், மூச்சு வாங்க. "குறிப்புன்னு ஒரு கட்டத்துல 'கருணை அடிப்படையில்'னு போட்டிருக்காங்க. சரியா எழுதினதுக்குக் கருணையாம்."

"யாருக்குன்னு போட்டிருக்கா?"

"அது போடலை."

"அப்ப விடு. அது அந்த ஆளுக்குக் குடுத்தது." பிறகு "நான்தான் உன்னை எழுத வெச்சேன் கண்ணு" என்றாள்.

"சரி, சரி. ரம்பத்தை நாப்பத்தஞ்சுக்குத் திருப்பி வெச்சிட்டியா?"

ஒரு வாரம் கழித்து விடைக்குறிப்பு சார் கடைக்கு வந்தார். ஒன்று புள்ளி நாலு டிகிரியைக் கண்டுபிடித்ததற்காக வாரியம் அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் கையில் இருந்தது. பிரேம் போட வேண்டுமாம். வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறாராம்.

"எந்தக் கணக்குல சார் வெட்டட்டும்?" என்று அம்மா கேட்டாள்.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே வாரியத்தின் ஜன்னல்களையும் ஒருமுறை பார்த்தார்.

"உங்க கணக்குலயே வெட்டிடுங்கம்மா" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் நீட்டினாள்.

"கைப்பட எழுதிக் குடுங்க சார்."